சும்மா செய்து குடுத்த விளம்பரம்

விளம்பரத்துறை ஆக்கள் காசு வாங்காமல் பொதுவேலை செய்தால் நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் அந்த விளம்பரம் என்ன சொல்லவேணும் என்று தீர்மானிக்கிறது யார் என்பதையும் நாங்கள் கேட்கவேணும்.

அமெரிக்காவில் இதற்கு நீண்ட வரலாறு இருக்கு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942 இல், விளம்பரக் கவுன்சில் தொடங்கியது. விளம்பர நிறுவனங்கள் தங்கட திறமையைச் சும்மா குடுத்தன. பத்திரிகைகளும் வானொலிகளும் இடத்தையும் நேரத்தையும் குடுத்தன. மக்களைப் போர்ப் பத்திரம் வாங்கச் சொன்னதும், 1944 இல் காட்டுத்தீயைத் தடுக்க ஸ்மோக்கி என்ற கரடியைக் கொண்டுவந்ததும் இப்படித்தான். 1930களில் நுகர்வோர் இயக்கங்களின் விமர்சனத்தால் கெட்டுப்போன பெயரை மீட்கிற எண்ணமும் இதற்குள் இருந்தது.

1971 இல் வந்த தொலைக்காட்சி விளம்பரம் உலகப் பிரபலம். பூர்வகுடி உடையில் ஒருவர் ஓடத்தில் வந்து கரையேறுகிறார். போற காரில் இருந்து எறிந்த குப்பை அவர் காலடியில் விழுகிறது. அவர் கண்ணில் நீர். மாசைத் தொடங்கியது மனிதர், நிறுத்தக்கூடியதும் மனிதர் என்று ஒரு குரல் சொல்கிறது. நடித்தவரோ இத்தாலிய வம்சாவளி.

மார்ஸ்ரெலர் நிறுவனம் இதைச் சும்மாதான் செய்தது. செய்யச் சொன்னது, 1953 இல் தொடங்கிய 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' அமைப்பு. அதன் பின்னால் நின்றவை ரின், போத்தல், குளிர்பானக் கம்பனிகள். வெறும் போத்தலைக் கடையில் குடுத்துக் காசை மீளப்பெறும் வழக்கம் எங்களுக்கும் தெரிந்ததுதான். அங்கே அந்த வழக்கத்தைக் கைவிட்டு, எறிகிற போத்தலையும் ரின்னையும் சந்தையில் நிறைத்தது இந்தக் கம்பனிகள்தான். அதே 1971 இல் ஒரேகன் மாநிலம் போத்தலுக்கு வைப்புப்பணம் கட்டாயம் என்று சட்டம் போட்டது. இப்படியான சட்டங்களைக் கம்பனிகள் எதிர்த்தன. விளம்பரத்திலோ முழுப் பழியும் காரில் போனவன் தலையில்!

அடுத்த வருசமே அதே கவுன்சில் கறுப்பினக் கல்லூரிகளின் நிதியத்துக்காக வேலை செய்தது. 'ஒரு மூளையை வீணாக்குவது கொடுமை' என்ற வாசகம் அப்போது வந்தது. யங் அண்ட் ரூபிகாம் நிறுவனம் அதைச் சும்மா செய்தது. தேவையைச் சொன்னது கல்லூரிகள்; சேர்ந்த காசு போனது மாணவர்களின் படிப்புக்கு.

இரண்டிலும் திறமை ஒன்றுதான், கூலியும் இல்லை. வித்தியாசம், தேவையைச் சொன்ன வாயில் இருக்கு.

2023 இல் அந்தக் கண்ணீர் விளம்பரத்தின் உரிமை அமெரிக்கப் பூர்வகுடிகளின் தேசியப் பேரவைக்குக் கைமாறியது. அவர்கள் அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்களில் எத்தனையோ பேர் சனசமூக நிலையத்துக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் போஸ்டர் செய்து குடுக்கிறம். தொடர்ந்து செய்வம். கணினியைத் திறக்கமுதல் ஒன்றை மட்டும் கேட்பம்: இதில யாருக்குப் புத்தி சொல்லுறம், யாரைத் தப்பவிடுறம்?