பழைய வணிக இதழ்களும் உழைப்பாளர் வரலாறும்

மன்னர் வரலாற்றுக்குக் கல்வெட்டும் செப்பேடும் சான்றாவது போல, கடந்த நூற்றாண்டின் தொழில் வரலாற்றுக்கு அக்கால வணிக இதழ்கள் சான்றாகின்றன. கல்கத்தாவில் 1888இல் தோன்றிய ‘கேப்பிடல்’, பம்பாயில் 1910இல் தோன்றிய ‘காமர்ஸ்’, சென்னையில் 1968இல் எஸ். விசுவநாதன் தொடங்கிய ‘இண்டஸ்ட்ரியல் எகனாமிஸ்ட்’ முதலியன இவ்வகையின. பங்கு விலை, ஆண்டுக் கூட்ட உரை, இயந்திர விளம்பரம் ஆகியவை அன்று சின்னாள் பயனுடைய செய்திகள். இன்று அவை வரலாற்று மூலங்கள்.

எனினும், இவ்விதழ்கள் பெரிதும் முதலீட்டாளரையும் நிருவாகியையும் நோக்கி எழுதப்பெற்றவை. ஆலையில் நின்று உழைத்தவர் இவற்றுள் பெரும்பாலும் கூலிச் செலவு என்னும் எண்ணாகவே காட்சி தருவார். அவருடைய குரலைக் கேட்க, வேறு இதழ்களையும் உடன்வைத்துப் படித்தல் வேண்டும். இதற்குச் சென்னையே தக்க எடுத்துக்காட்டு.

பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்க்காக 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பெற்றது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் அதற்கு வித்திட்டனர். தலைவராக அமைந்த பி. பி. வாடியா, அடையாற்றுப் பிரம்மஞான சபையைச் சார்ந்தவர். அன்னி பெசண்டு அம்மையாரின் ‘நியூ இந்தியா’ நாளிதழில் பணியாற்றியவர். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியின் தமிழாசிரியப் பணியைத் துறந்து ‘தேசபக்தன்’ ஆசிரியரான திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர்.

தொழிலாளர் முறையிட்ட குறைகளுள் ஒன்று, நண்பகல் உணவுக்கு அரைமணி நேரமே கிடைத்தமை. அந்த அரைமணி எந்த இலாபக் கணக்கிலும் இடம்பெறாது. வாடியாவின் சொற்பொழிவுகள் 1921இல் நூலாக வெளிவந்தமையால் இன்று நாம் அதனை அறிகிறோம். 1923இல் சிங்காரவேலர் ‘தொழிலாளன்’, ‘லேபர் கிசான் கெஜட்’ ஆகிய இதழ்களைத் தொடங்கினார். வாடியா முதலியோர்மீது ஆலை நிருவாகம் தொடுத்த வழக்கு, 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்திற்கு வழிகோலியவற்றுள் ஒன்றாயிற்று. ஆலையோ 1996இல் மூடப்பட்டது. அங்கு உழைத்த தலைமுறையும் மறைந்துவரும் நிலையில், எஞ்சுவது பெரும்பாலும் தாள் மட்டுமே.

அத்தாளும் நிலையானதன்று. பழைய நூல்களுக்குப் பெயர்பெற்ற மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோயிற்று. ஆயினும் தனியொருவர் முயற்சியும் பெரும்பயன் விளைக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா, பிறர் எறியும் துண்டறிக்கைகளையும் திருமண அழைப்பிதழ்களையுங்கூடத் தொகுத்தார். அவர் 1992இல் மறைந்த பின், அத்தொகுப்பை அடிப்படையாகக் கொண்டு 1994இல் அமைந்த ஆராய்ச்சி நூலகம், இன்று அடையாற்றை அடுத்த தரமணியில் இயங்குகிறது.

இதழ் தொகுப்போர் ஒன்றை நினைவிற்கொள்ளல் நலம். கட்டடம் செய்யும்போது அட்டையையும் விளம்பரத் தாள்களையும் நீக்கிவிடும் வழக்கம் உண்டு. எப்பொருள் யாருக்கு என்ன விலையில் விற்கப்பட்டது, எவ்வேலைக்கு ஆள் தேடப்பட்டது என்பனவற்றை அத்தாள்களே உரைக்கும். கிழிந்த பக்கத்தைப் பசை நாடாவால் ஒட்டுதலும் தகாது. நாளடைவில் அது தாளைக் கறைப்படுத்தும்.

ஏடு படியெடுத்து வழங்குதலைச் சாத்திர தானமெனப் போற்றிய மரபு நம்முடையது. ஆலையிலோ வங்கியிலோ அலுவலகத்திலோ பணிபுரிந்த முன்னோர் விட்டுச்சென்ற வணிக இதழ்களும், சங்க அறிக்கைகளும், சம்பளச் சீட்டுகளும் நம் இல்லப் பரண்களில் இருக்கலாம். அவற்றை எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பார்த்து, நூலகம் ஒன்றற்கு அளிக்க முன்வருவோமாக. இம்மலரின் விளம்பரப் பக்கங்களும் ஐம்பது ஆண்டு கடந்தபின் ஒருவர்க்கு வரலாறாகும்.