காவலரின் கண்ணும் கையும்

பழைய நாளில் மலாய் மக்கள் போலீசாரை ‘மாத்தா மாத்தா’ என்றழைத்தனர். ‘மாத்தா’ என்றால் கண். அதனை அடுக்கிச் சொன்னால் உளவு பார்ப்பவன் என்ற பொருளும் உண்டு. தமிழில் இதற்கு இணை தேடின் ‘ஒற்றன்’ கிடைக்குமேயன்றிக் ‘காவலன்’ கிடைக்காது. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் ‘பாடிகாவல்’ ஊர்க்காவலையும், அதற்கென ஊரார் செலுத்திய வரியையும் குறிப்பது. காவலுக்குப் பொருள் தந்தவர் காக்கப்பட்டவரே. கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் நிலைமை வேறு. அங்கே காவல் யாருக்காக என்ற ஐயம் தொழிலாளர் மனத்தில் வேரூன்றியிருந்தது.

அலோர் ஸ்டாருக்குத் தெற்கே, நெல்வயல்களும் ரப்பர்த் தோட்டங்களும் கலந்து கிடக்கும் வட்டாரம் பெண்டாங். அதற்கும் தெற்கே உள்ளது பீடோங். போர் முடிந்தபின் அங்குள்ள ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பார் தொண்டர் படையை அமைத்தார். கள்ளை ஒழிப்பதே அதன் முதல் வேலை. கள்ளுக்கடை மறியல் சீர்திருத்தம் என்றே தொழிலாளர் கருதினர். அதிகாரிகளோ அதனைக் கலகமெனக் கண்டனர். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் மறியல் செய்தோர்க்கும் போலீசாருக்கும் மோதல் மூண்டது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். மார்ச்சில் அறுபதுக்கு மேற்பட்டோர் கைதாயினர். ஏப்ரல் 28ஆம் நாள் டப்ளின் தோட்டத்தில் போலீசார் சுட்டதில் இன்னொருவர் மாண்டார்.

தோட்டம் தனியார் நிலம். அழைப்பின்றி உள்ளே வரும் தொழிற்சங்கத்தாரை அத்துமீறி நுழைந்தவர் எனச் சொல்லி வெளியேற்றச் சட்டம் இடந்தந்தது. வெளியேற்ற வருபவரும் போலீசாரே! முதலாளியின் புகாருக்கு உடனே வருபவர் தம் புகாருக்கும் வருவார் எனத் தொழிலாளி எவ்வாறு நம்புவார்?

1948இல் அவசரகாலம் பிறந்தது. தோட்டங்களைக் காக்கப் பல்லாயிரம் சிறப்புக் காவலர் அமர்த்தப்பட்டனர். தோட்ட நிருவாகிகள் பலர் துணைக் காவற்படை அதிகாரிகளுமாயினர். குடியிருப்பைச் சுற்றி முள்வேலி எழுந்தது. பால்மரம் சீவப் புறப்படுவோரைச் சோதித்தே வாயிலைத் திறந்தனர். காட்டிலுள்ளோர்க்கு அரிசி போய்விடக்கூடாதல்லவா! முன்பு ஐயமாக இருந்தது இப்போது அன்றாட அனுபவமாயிற்று.

1952 தொடக்கத்தில் டெம்பளர் ஆட்சிப் பொறுப்பேற்றபோது போலீஸ் தலைமைக்கு ஆர்தர் யங் வந்தார். இலண்டன் சிட்டி காவற்படையின் தலைவர் இவர். 1829இல் பீல் அமைத்த இலண்டன் காவற்படை பொதுமக்களின் ஒப்புதலை நம்பி நடந்தது. குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பப்பட்ட முறையோ பாசறையில் துப்பாக்கியோடு வாழ்ந்த அயர்லாந்துப் படையினுடையது. முதல் மரபில் வளர்ந்த யங், இரண்டாம் மரபில் வளர்ந்த படையைத் திருத்த முனைந்தார். சிறப்புக் காவலரின் தொகையைக் குறைத்து, எஞ்சியோர்க்குப் பயிற்சி தந்தார். அவ்வாண்டு டிசம்பரில் ‘சேவை இயக்கம்’ தொடங்கியது. இரு கைகள் பற்றிக்கொண்ட சின்னம். அதன்கீழ் ‘பெர்செடியா பெர்கிட்மட்’, அதாவது பணிசெய்ய ஆயத்தம். கண்ணாக இருந்தவர் கையாக வேண்டும் என்பது கருத்து.

இதனை வெறும் விளம்பரம் எனத் தள்ளுவது நேர்மையன்று. அச்சத்தால் வாய்மூடிய மக்களிடமிருந்து உண்மை கிட்டாது என யங் அறிந்திருந்தார். ஆயின் உளவுச்செய்தி பெறுவதும் அவ்வியக்கத்தின் நோக்கங்களுள் ஒன்றே. கை நீண்டது, கண் மூடவில்லை. தொழிலாளியின் புகாரைப் போலீசுக்கு அப்பாற்பட்ட ஒருவர் விசாரிக்கும் வழியையும் அது தரவில்லை. யங் ஓராண்டுக்குச் சற்று மேல் மட்டுமே இந்நாட்டில் பணியாற்றினார்.

அந்தக் குறை நெடுநாள் நின்றது. 1967இல் காவற்படைத் தலைவர் சாலே இஸ்மாயில் பொதுமக்களோடு நெருங்கிப் பழகும் முறையைப் புகுத்தினார். அது ‘சாலே முறை’ எனப் பெயர் பெற்றது. 2005இல் அரச ஆணையம் 125 பரிந்துரைகளை அளித்தது. அவற்றுள் தலையாயது, போலீசார் மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்பது. அதற்கான சட்டம் 2022இல் நிறைவேறி, 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தண்டிக்கும் அதிகாரம் அவ்வாணையத்துக்கு அளிக்கப்படவில்லை. அது விசாரித்து முடிவைப் பரிந்துரைக்கும்.