மரவட்டை செய்த மண்

ஒரு டன் சிமென்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். கென்யாவில் மொம்பாசா நகரத்துக்கு வடக்கே, பாம்புரி என்ற கடலோரப் பகுதியில் 1954-இல் ஒரு சிமென்ட் ஆலை ஓடத் தொடங்கியது. அந்த ஆலை கல்லைத் தேடி எங்கும் போகவில்லை. காலடியிலேயே கல் இருந்தது. எப்போதோ கடலுக்குள் வளர்ந்த பவளப்பாறை, கடல்மட்டம் இறங்கியபின் கரையாகி நின்றுவிட்டது. அதன்மேல் மெல்லிய மண்ணும் மண்ணின்மேல் கடலோரக் காடும் இருந்தன. காட்டையும் மண்ணையும் வழித்தெடுத்துவிட்டுப் பாறையை உடைத்து அள்ளினார்கள். நிலத்தடி நீருக்குச் சற்று மேலே வரை தோண்டுவது, பிறகு பக்கத்து நிலத்துக்கு நகர்வது என்று இருபது ஆண்டுகளுக்குக் கிட்ட வேலை நடந்தது.

மிஞ்சியது கண்கூசும் வெள்ளைப் பள்ளம். பகலில் அந்தக் கல்தரை வெயிலை வாங்கி மேலே நிற்பவர் முகத்திலேயே திருப்பி அடிக்கும். மண் கிடையாது, நிழல் கிடையாது. கொஞ்சம் தோண்டினால் கிடைக்கும் தண்ணீரும் உப்பு. விதை விழுந்தாலும் பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை.

இந்தப் பள்ளத்தை ஏதாவது செய்ய முடியுமா என்ற கேள்வி ரெனே ஹாலரிடம் வந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்து வெப்பமண்டல வேளாண்மை படித்தவர் அவர். 1959-இல் ஆலையின் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தவர். அன்று தோண்டிய இடத்தைச் சீர்செய்தே ஆக வேண்டும் என்று அழுத்தும் விரிவான சட்டம் எதுவும் கென்யாவில் இல்லை. நாட்டின் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டமே 1999-இல்தான் வந்தது. ஹாலர் பள்ளத்தில் கைவைத்தது 1971-இல். சட்டத்துக்கு 28 ஆண்டுகள் முந்தியே ஒரு தோட்டக்காரர் கல்தரையில் குழி தோண்டிக்கொண்டிருந்தார் என்பதை நான் பெரிதாகவே நினைக்கிறேன்.

முதலில் அவர் செய்தது எளிய சோதனை. 26 வகை மரக்கன்றுகளைப் பள்ளத்தில் நட்டுப் பார்த்தார். பிழைத்தவை மூன்றே மூன்று. ஒன்று தென்னை. இன்னொன்று சோமாலியா, ஏமன் பக்கத்து வறண்ட நிலத்தில் வளரும் தமாஸ் என்ற மரம். மூன்றாவது சவுக்கு.

சவுக்கைப் பற்றித் தமிழ்நாட்டுக் கடலோரத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தல் காலும் கட்டடச் சாரமும் அடுப்புக்கு மிலாறும் தந்த மரம் அது. வெள்ளைக்காரன் காலத்தில் ரயில் எஞ்சின்களுக்கு விறகாக நம் மணற்கரைகளில் தோப்புத் தோப்பாக நடப்பட்டது. உப்பும் வறட்சியும் கொஞ்சமாவது தாங்கும் என்பது நமக்குத் தெரியும். மண்ணே இல்லாத கல்லிலும் ஏன் நிற்கிறது என்பதற்கு விடை அதன் வேரில் இருக்கிறது. அவரை, துவரை வேர்களில் ரைசோபியம் குடியிருப்பதுபோலச் சவுக்கின் வேர் முடிச்சுகளில் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் குடியிருக்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு உணவாக்கித் தருவது அதன் வேலை. மண் தராததை மரம் காற்றிலிருந்து வாங்கிக்கொள்கிறது.

ஆகவே சவுக்கு வளர்ந்தது, வேகமாகவும் வளர்ந்தது. சில ஆண்டுகளில் வெள்ளைப் பள்ளத்தின் மேல் பச்சை எழுந்தது. மேலிருந்து பார்ப்பவருக்கு வேலை முடிந்துவிட்டது என்றே தோன்றியிருக்கும். பெரும்பாலான சுரங்க மறுசீரமைப்புக் கதைகள் உலகெங்கும் இந்த இடத்தில்தான் முடிகின்றன. இத்தனை லட்சம் கன்று நட்டோம், இத்தனை ஹெக்டேர் பசுமையாக்கினோம் என்று ஓர் அறிக்கை, கூடவே ஒரு புகைப்படம்.

ஹாலர் கீழே குனிந்து பார்த்தார். அங்கே மண் உருவாகவில்லை.

சவுக்கு இலை என்று நாம் சொல்வது உண்மையில் இலையல்ல, மெல்லிய பச்சைக் குச்சி. அதன் கணுக்களைச் சுற்றிப் பல் பல்லாக ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு செதில்கள்தான் இலைகள். குச்சிகள் காய்ந்து கொட்டி மரத்தடியில் மெத்தையாகச் சேரும். அவற்றில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுதி. பாக்டீரியாக்கள் அவற்றை எளிதில் நெருங்குவதில்லை. ஊர்த் தோப்புகளில் சருகைக் கூட்டி அடுப்புக்கு அள்ளிப் போய்விடுவார்கள் என்பதால் இது நம் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை. பாம்புரியில் அள்ள ஆளில்லை. சருகு மட்காமல் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டே போனது. அதன் கீழே பழைய கல் அப்படியே கிடந்தது. மரங்கள் நின்றன, காடு இல்லை. சவுக்குக்குப் பின் இன்னொரு செடி வர வேண்டுமானால் அதற்கு மண் வேண்டும், சருகு மண்ணாக வேண்டுமானால் அதைத் தின்ன யாராவது வேண்டும்.

அந்த யாரோ, ஒரு மரவட்டை.

ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையில் சிவந்த கால்களும் கறுத்த உடலுமாக, விரல் நீளத்தையும் தாண்டி வளரும் பெரிய மரவட்டை ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் ரயில் பூச்சி என்கிறார்கள், அங்கேயும் அதற்கு மொம்பாசா ரயில் என்று ஒரு பேர் இருக்கிறது. அது உலர்ந்த சவுக்குக் குச்சியைக் கடித்துத் தின்பதை ஹாலர் கவனித்தார். டானின் அதற்கு ஒரு பொருட்டாக இல்லை. நூற்றுக்கணக்கில் மரவட்டைகளைப் பிடித்துவந்து சவுக்கடியில் விட்டார்.

மரவட்டையின் வேலை வெளியே தெரியாதது. ஆனால் மண் பிறக்கும் இடம் அதுதான். தின்ற சருகில் மிகச் சிறிய பங்கைத்தான் அதன் உடல் எடுத்துக்கொள்கிறது. மற்றதெல்லாம் சின்னச் சின்ன உருண்டைகளாக வெளியே வருகிறது. பாக்டீரியா தொடத் தயங்கிய முழுக்குச்சி, இப்போது பொடியாக அரைபட்டு, ஈரம் ஏறி, குடலின் நுண்ணுயிர்களும் சேர்ந்து கிடக்கிறது. அதில் பாக்டீரியாவும் பூஞ்சையும் பெருகுகின்றன. பெருகியபின் மரவட்டை அந்த உருண்டையையே மறுபடி தின்பதும் உண்டு. இப்படி இரண்டு மூன்று சுற்று போனால் கையில் எடுத்து நசுக்கும்போது கறுப்பாக ஒட்டும் மட்கு கிடைக்கிறது. இன்னொன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது. மரவட்டையின் ஓடு சுண்ணாம்புச் சத்தால் இறுகுவது. செடிகளைப் பட்டினி போட்ட அதே கல்தரையில், மரவட்டைக்கு ஓடு கட்டுவதற்கான சரக்குக்குப் பஞ்சமே இல்லை.

மட்கு சேர்ந்ததும் காரியங்கள் தாமாக நடக்கத் தொடங்கின. சருகுத் தரை ஈரத்தைப் பிடித்துவைத்தது. காற்று கொண்டுவந்த விதைகளும் பறவை எச்சத்தில் விழுந்த விதைகளும் முளைத்தன. பெரணியும் புல்லும் வந்தன, பூச்சிகள் வந்தன, பூச்சிகளைத் தேடிப் பறவைகள் வந்தன. ஹாலரின் திறமை அடுத்து என்ன குறைகிறது என்று ஒவ்வொரு கட்டத்திலும் கண்டுபிடித்ததில் இருந்தது. தரையைத் தோண்டி நீர்மட்டம் வரை இறக்கிக் குளங்கள் வெட்டினார். அதில் திலாப்பியா மீன் வளர்த்தார். எலாண்ட் போன்ற மான் வகைகளை மேயவிட்டார். அவை கூட்டத்துக்குக் காட்டவென்று மட்டும் கொண்டுவரப்பட்டவை அல்ல. அவற்றின் சாணமும் மண்ணுக்குப் போனது. 1987-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 விருதுப் பட்டியலில் அவர் பெயர் சேர்ந்தது. அந்தப் பள்ளம் இப்போது ஹாலர் பூங்கா.

உலகம் அந்தப் பூங்காவை அறிந்தது வேறொரு காரணத்தால். 2004 டிசம்பர் 26 சுனாமி நம் கரையை அழித்த அதே நாளில் கென்யக் கரையையும் தொட்டது. மாலிந்தி அருகே தாயைப் பிரிந்து கடலோரப் பாறையில் தவித்த நீர்யானைக் குட்டியை ஊர்க்காரர்கள் வலைபோட்டு மீட்டார்கள். பாம்புரிக்குக் கொண்டுவந்ததும் அது அங்கிருந்த மிக வயதான அல்டாப்ரா ஆமையிடம் ஓடி ஒட்டிக்கொண்டது. ஓவன் என்ற அந்தக் குட்டியும் ம்ஸே என்ற அந்த ஆமையும் சேர்ந்து படுத்திருந்த படம் எல்லா நாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. ஒதுங்க வந்த குட்டிக்கு நிழலும் தண்ணீரும் இருந்த இடம், முப்பது சொச்சம் ஆண்டுகளுக்கு முன் வெறும் கல்குழி என்பது பல பேருக்குத் தெரியாமலே போனது.

நமக்கு இது தூரத்துக் கதையல்ல. அரியலூர் சுண்ணாம்புக்கல்லும் ஒரு பழைய கடலின் எச்சம்தான். அந்தக் கல்லில் இன்றும் கடலுயிர்களின் படிவங்கள் கிடைக்கின்றன. அங்கேயும் சிமென்ட் ஆலைகள், அங்கேயும் கல் எடுத்து முடித்த பள்ளங்கள். இந்தியாவில் 2003 முதல் சுரங்கத்துக்கு மூடல் திட்டம் கட்டாயம். காகிதத்தில் நல்ல விதி. ஆனால் மறுசீரமைப்பை நட்ட கன்றின் எண்ணிக்கையில் அளப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நட்ட ஐந்தாம் ஆண்டில் மரத்தடிச் சருகை விலக்கினால் கீழே என்ன இருக்கிறது, நடாத செடி எத்தனை முளைத்திருக்கிறது, சருகைத் தின்ன என்ன உயிர் வந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். மேல்மண்ணை வழித்தெடுக்கும்போதே தனியாகக் குவித்துக் காப்பாற்றி, வேலை முடிந்ததும் திரும்பப் பரப்பிவிட்டால் பாதித் தொல்லை குறையும். அந்த மண்ணில் விதையும் பூஞ்சையும் புழுவும் இருக்கின்றன. பாம்புரியில் அது போய்விட்டதால்தான் ஒவ்வொன்றையும் வெளியிலிருந்து அழைத்துவர வேண்டியிருந்தது.

பாம்புரியில் திரும்ப வந்தது பழைய காடு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கென்யக் கரையின் பழைய காடு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் மிஜிகெண்டா மக்கள் காயா என்ற பெயரில் காத்துவரும் காடுகளுக்குள் போக வேண்டும். நம் கோயில்காடுகளைப் போல முன்னோர் நினைவாலும் கட்டுப்பாடுகளாலும் பிழைத்த துண்டுகள் அவை. 2008-இல் யுனெஸ்கோ அவற்றில் சிலவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் செழுமையை ஒரு மனித ஆயுளில் யாராலும் கட்டிவிட முடியாது. ஹாலரின் மண்ணும் இன்னும் மெல்லியது, கீழே கல்தான்.

சவுக்கு தன் நிழலிலும் சருகிலும் தன் கன்றை வளரவிடாது. அதன் விதைக்கு முழு வெயிலும் வெற்றுத்தரையும் வேண்டும். ஆகவே பாம்புரியில் முதல் தலைமுறைச் சவுக்கு முதிரும்போது அதன் இடத்துக்குச் சவுக்கு வருவதில்லை. மரங்களைக் கழித்துவிட்டு அந்த இடைவெளிகளில் கடலோர நாட்டு மரங்களை நட்டார்கள். வெட்டிய சவுக்கு கழியாகவும் விறகாகவும் பயன்பட்டது. நாட்டு மரங்களின் சருகு மட்குவதற்கு மரவட்டையை அவ்வளவாக எதிர்பார்ப்பதில்லை. அவற்றின் இலைகள் எளிதில் அழுகி மண்ணில் சேர்கின்றன.