கந்தையும் காந்தாவும் கேமராவும்

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்று நம் ஊரில் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். அதே கந்தை வங்காளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பது கொல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். இங்கே அதன் பெயர் காந்தா. சமஸ்கிருத 'கந்தா'விலிருந்து நம்மூருக்கு வந்தது கந்தை, இவர்கள் ஊருக்கு வந்தது காந்தா. ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஒன்று கிழிசலாகவே நின்றுவிட்டது, இன்னொன்று கலையாகிவிட்டது.

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காந்தா என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். உடுத்தி உடுத்தி மெலிந்துபோன பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டுச் சேர்ப்பது. நூலுக்குக்கூடக் கடைக்குப் போகவில்லை. சேலைக்கரையில் இருக்கும் வண்ண நூலையே உருவி எடுத்துக்கொண்டார்கள். குளிருக்குப் போர்த்த லேப், விரிக்கச் சுஜ்னி, புத்தகம் சுற்றி வைக்கப் பய்தன், கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைக்க ஆர்ஷிலதா, சில்லறை வைக்கத் துர்ஜனி என்று வீட்டில் எதெதற்குத் துணி வேண்டுமோ அதற்கெல்லாம் ஒரு காந்தா. பிறந்த குழந்தையைப் படுக்க வைப்பதும் அதில்தான். (எங்கள் ஆச்சியும் பழைய நூல்சேலையை மடித்துத் தைத்துத்தான் தொட்டில் குழந்தைக்கு விரிப்பார். தாமரையும் யானையும் தைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.)

இதைச் செய்தவர்கள் தொழில்காரர்கள் அல்ல, வீட்டுப் பெண்கள். மத்தியானம் சமையல் வேலை முடிந்து கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் தைப்பார்கள். ஒரு பெரிய காந்தா முடிய மாதங்கள் ஆகும், சிலசமயம் வருடங்கள்கூட ஆகும். யாரும் அவசரப்படுத்துவதில்லை. விலையும் இல்லை, ஏனென்றால் விற்பதற்காகத் தைக்கவில்லை.

இந்த ஊர் ஐ.சி.எஸ். அதிகாரி குருசதய் தத் (1882-1941) கிராமம் கிராமமாகச் சுற்றிச் சேகரித்த கைவினைப் பொருட்கள்தான் ஜோகாவில் 1963-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தின் அடிப்படை. அந்தத் தொகுப்பில் மானதாசுந்தரி என்ற பெண் தைத்த காந்தா மிகவும் பேசப்படுவது. 19-ஆம் நூற்றாண்டுத் துணி. துப்பாக்கிச் சிப்பாய்களை எல்லாம் அதில் தைத்து வைத்திருக்கிறார். தன் அப்பாவுக்காகச் செய்தது என்பதையும் நூலாலேயே எழுதிவிட்டார். பார்க்க வேண்டிய ஆள் ஒரே ஒருவர். அவர் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

இதைப் படித்துவிட்டு, "ஆஹா, அந்தக் காலத்தில் காசுக்கு ஆசைப்படாத புனிதக் கலை" என்று யாரும் கண்ணீர் விட வேண்டாம். வங்காளத்தில் தையல் விற்பனைக்கும் போயிருக்கிறது. ஹூக்ளி பக்கத்தில் இருந்த சத்காவ் துறைமுகத்தின் பெயராலேயே அறியப்படும் பெரிய பூவேலை விரிப்புகளை 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் போர்ச்சுக்கீசியர்கள் இங்கிருந்து கப்பலேற்றினார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். ஆனால் அது வேறு பாதை. ஆர்டர் வாங்கி, கூலி வாங்கிச் செய்த தொழில். வீட்டுக் காந்தா இன்னொரு பாதை. இரண்டும் நெடுங்காலம் பக்கத்துப் பக்கத்தில் ஓடின.

சரி, இப்போது கொஞ்சம் கோயில் பக்கம் போவோம். கைவினை நகரத்துச் சந்தையின் வேகத்துக்கு ஓடினால் என்ன ஆகும் என்று இந்த ஊர் ஒருமுறை ஏற்கெனவே பார்த்துவிட்டது. அது நடந்தது காளிகாட்டில். நம் தமிழ் ஆட்கள் காய்கறி வாங்கும் லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

இன்று நாம் பார்க்கும் காளி கோயில் கட்டடம் 1809-ல் முடிந்தது. கூட்டம் கூடியது. மேதினிபூர், 24 பர்கானா கிராமங்களில் நீளமான படச்சுருளை விரித்துக் கதை பாடிக்கொண்டிருந்த பட்டுவாக்கள் கோயில் வாசலுக்கு வந்தார்கள். ஊரில் ஒரு சுருளை விரித்து மணிக்கணக்கில் பாடலாம். இங்கே யாத்ரீகனுக்கு நேரம் இல்லை, கையில் காசும் குறைவு. எனவே சுருள் போய் ஒற்றைத் தாள் வந்தது. மில் காகிதம், நீர்வண்ணம், ஒரே வீச்சில் தூரிகைக்கோடு. சில குடும்பங்களில் ஒருவர் கோடு போட, இன்னொருவர் உடம்புக்கு வண்ணம் தீட்ட, மற்றவர் பின்னணி முடிக்க, வீடே ஒரு சின்னத் தொழிற்சாலை. விலை காலணா, அரையணா.

சாமி படம் மட்டும் போட்டால் போதவில்லை. ஊர் எதைப் பேசுகிறதோ அதையும் போட வேண்டியிருந்தது. 1873-ல் கொல்கத்தாவில் வேலை பார்த்த நபின் என்பவர் தன் மனைவி எலோகேஷியை மீன் அரியும் அரிவாளால் வெட்டிக் கொன்றார். தாரகேஷ்வர் கோயில் மகந்துக்கும் அவளுக்கும் தொடர்பு என்பது வழக்கு. வங்காளமே இதைப் பேசியது, நாடகம் போட்டார்கள். காளிகாட்டுப் படக்காரர்களும் கொலை, கோர்ட்டு, மகந்து ஜெயிலில் வேலை செய்வது என்று வரிசையாகப் போட்டுத் தள்ளினார்கள். இப்போதைய பாஷையில் சொன்னால் டிரெண்டிங் மேட்டர்!

அவ்வளவு ஓடியும் என்ன ஆயிற்று? அச்சுப் படங்கள் வந்தன. காளிகாட்டுப் பாணியையே காப்பியடித்து ஜெர்மனியில் அச்சிட்ட வண்ணப் படங்கள்கூட இங்கே வந்து மலிவாக விற்றன. கை எவ்வளவு வேகமாக ஓடினாலும் இயந்திரத்தை முந்த முடியாது. கிட்டத்தட்ட 1930-க்குள் அந்தத் தெருவில் கதை முடிந்துவிட்டது. கலைப்பள்ளி முதல்வராக இருந்த முகுல் தே 1932-ல் இந்தப் படங்களைப் பற்றி எழுதியபோது ஏறக்குறைய இரங்கல் எழுதும் நிலைமை. படங்கள் மட்டும் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன, 600-க்கும் மேல்.

இதே படங்களைப் பார்த்து வேறு முடிவுக்கு வந்தவர் ஜாமினி ராய் (1887-1972). மேல்நாட்டுப் பாணியில் எண்ணெய் ஓவியம் வரைந்து பெயர் வாங்கியவர். 1920-களில் அதை விட்டுவிட்டு, பட்டுவாக்களின் கோட்டுக்கும் மண் நிறங்களுக்கும் வந்தார். வீட்டையே பட்டறையாக்கி, மகனும் உதவியாளர்களும் சேர்ந்து ஒரே படத்தைப் பலமுறை வரைந்தார்கள். சாதாரணக் குடும்பமும் வாங்கும்படி விலை வைத்தார். "இது அவர் கை வேலையா, மகன் கை வேலையா" என்று இன்றும் ஏலக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். திரும்பத் திரும்பச் செய்வது அவரைத் தின்றுவிடவில்லை. என்ன வரைவது, எவ்வளவுக்கு விற்பது என்பதை முடிவு செய்தது அவர், கோயில் வாசல் கூட்டம் அல்ல.

மறுபடி காந்தாவுக்கு வருவோம். 1947 பிரிவினையில் ஜெசோர், குல்னா, ஃபரீத்பூர், ராஜ்ஷாஹி என்று காந்தாவுக்குப் பேர்போன பகுதிகளில் பெரும்பங்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இந்தப் பக்கம் அகதியாக வந்த குடும்பங்களில் பல பெண்களுக்குக் கையில் இருந்த ஒரே முதலீடு ஊசி. 1980-களுக்குப் பிறகு காந்தா பட்டுச்சேலைக்கு ஏறியது, துப்பட்டாவுக்கு ஏறியது, பெரிய கடைகளுக்குப் போனது. நக்ஷி காந்தாவுக்கு 2008-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சோனார்பூரைச் சேர்ந்த பிரீதிகணா கோஸ்வாமி அப்பா இறந்த பிறகு குடும்பத்துக்காக ஊசியைக் கையில் எடுத்தவர். 2023-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எத்தனையோ கிராமங்களில் பெண்கள் கையில் சொந்தமாகக் காசு வந்தது இதனால்தான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் ஒன்று மாறியது. டிசைனை வேறொருவர் போடுகிறார். டிரேசிங் பேப்பரில் ஊசியால் பொத்து, மண்ணெண்ணெயில் கரைத்த நீலத்தைத் தேய்த்துத் துணியில் இறக்குகிறார்கள். அந்தக் கோட்டின்மேல் தைப்பது மட்டும் இந்தப் பெண்ணின் வேலை. கூலி பீஸுக்கு இவ்வளவு என்று. கண்ணும் கழுத்தும் வலிக்கும். இருந்தாலும் இதற்கு ஒரு முடிவு இருக்கிறது. சேலை முடிந்தது, கொடுத்தாயிற்று, காசு வாங்கியாயிற்று, ஊசியைக் கீழே வைக்கலாம்.

எங்கள் அபார்ட்மெண்டில் கீழ்வீட்டு மாஷிமா (இங்கே சித்தி வயதுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) காந்தா தைப்பார். லாக்டவுன் சமயத்தில் அவர் மகள் அதை வீடியோ எடுத்துப் போட ஆரம்பித்தாள். நல்ல வரவேற்பு. முதலில் வாரம் ஒன்று, பிறகு மூன்று, அப்புறம் தினம். வெளிச்சம் சரியில்லை என்று பிரித்துவிட்டு அதே தையலை மறுபடி போட வேண்டும். பாதியில் நிற்கும் துணிகள் பெட்டி நிறைய. ஒருநாள் மாடிப்படியில் பார்த்தபோது, "முன்னாடி கை வலித்தால் நிறுத்துவேன் பாபா. இப்போ நிறுத்தினால் வலிக்கிறது" என்றார். அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் ஊசியையே தொடவில்லை.

இது அவர் ஒருவர் கதை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய்ப் பட்டியலின் புதுப் பதிப்பில் இதற்கு வரையறை எழுதியது. வேலையால் வரும் தீராத அசதி, அந்த வேலைமீதே ஒரு வெறுப்பு, நம்மால் முடியவில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும் சேர்ந்தது. நோய் என்று சொல்லவில்லை, வேலை சார்ந்த நிகழ்வு என்று சொன்னார்கள். பொழுதுபோக்குக்கு இது வருகிறதென்றால், அது எப்போதோ வேலையாகிவிட்டது என்றுதானே பொருள்?

1973-ல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள நர்சரிக் குழந்தைகள். ஒரு குழுவிடம் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல், வரைந்த பிறகு கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், முன்கூட்டியே சொல்லப்பட்ட குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடப் பாதிதான். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆசை குறையவே இல்லை. பரிசு கெடுதல் இல்லை. பரிசுக்காகச் செய்வதுதான் ஆசையைத் தின்கிறது.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். பட்டுவா படத்தை விற்றார். கூலிக்குத் தைத்த பெண் துணியை விற்றாள். வீடியோவில் விற்பது துணியை அல்ல, தைக்கிற அந்த ஒரு மணி நேரத்தை. வீட்டு வேலைக்கு நடுவில் ஒரு பெண்ணுக்கு இளைப்பாறக் கிடைத்த ஒரே நேரம் அதுதான். அதையே சந்தைக்குக் கொண்டுபோன பிறகு இளைப்பாற எங்கே போவது? துணிக்காவது கடைசித் தையல் என்று ஒன்று உண்டு. கேமராவுக்கு அதுவும் கிடையாது.

அதற்காக வீடியோ போடாதே, விற்காதே என்று உபதேசம் செய்ய வரவில்லை. மாத சம்பளம் வாங்குகிறவன் அதைச் சொல்வது அழகும் இல்லை. கூலித் தையலும் வீட்டுக் காந்தாவும் இந்த மண்ணில் நூற்றாண்டுக்கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் ஓடியிருக்கின்றன, ஒன்றையொன்று கொல்லாமல். எனவே பத்துத் துணி தைத்து விற்பவர்கள் பதினொன்றாவதை யாருக்கும் காட்டாமல், விலை வைக்காமல், வீட்டில் ஒருவருக்காகத் தைக்கட்டும். மானதாசுந்தரி தன் அப்பாவுக்குத் தைத்ததுபோல.

மாஷிமா இப்போது மறுபடி தைக்கிறார். பேரன் பிறக்கப்போகிறானாம், பேத்தியாகவும் இருக்கலாம். பழைய டாக்கா சேலை, நாலு அடுக்கு. வீடியோ கிடையாது. எப்போது முடியும் என்று கேட்டேன். "குழந்தைக்கு முன்னாடி முடிந்தால் சரி, முடியாவிட்டால் அது வந்து பார்த்துக்கொள்ளட்டும்" என்றார்.