கரப்பான்

குழந்தையின் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவந்து சொரசொரக்கும் எக்ஸிமாவைச் 'சிரங்கு' என்று சொல்லிப் பிள்ளையைத் தள்ளி வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறாது. சிரங்கு நுண்ணிய உண்ணியால் ஒட்டுவது, இது ஒட்டாது. எக்ஸிமாவின் கிரேக்க வேருக்குப் 'பொங்கிக் கொதித்தல்' என்று பொருள். நம் 'தோல் அழற்சி'யிலும் அழல் இருக்கிறது. வீட்டு வழக்கில் இது கரப்பான். பூச்சிக்கும் அதே பெயர் என்பதால் சொல்லக் கூசுகிறார்கள். கத்திரிக்காயும் கருவாடும் 'கரப்பான் பண்டம்' ஆனதில் பழி சாப்பாட்டின் மேல் போய், பால் கொடுக்கும் தாய் வீண் பத்தியம் இருக்கிறாள். பெரும்பாலும் பழுது தோலின் ஈரக்காப்பில்தான். வெதுவெதுப்பான நீரில் சுருக்கக் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றி, ஈரம் காயுமுன் மணமில்லாத களிம்பைத் தாராளமாகத் தடவ வேண்டும். பேச்சில் கரப்பானும் மருந்துச் சீட்டில் தோல் அழற்சியும் இருக்கட்டும்; சிரங்கு வேண்டாம்.