முயல் நாய்க்கு எங்கள் ஊரில் என்ன வேலை?

சிப்பிப்பாறை நாய் ஒன்றைத் தத்தெடுக்கலாமா என்று ஒரு மாதமாக வீட்டில் பேச்சு நடக்கிறது. இரண்டு வயது ஆண் நாய். குட்டியாக ஆசைப்பட்டு வாங்கியவர்கள் இப்போது வெளிநாடு கிளம்புகிறார்கள். பேத்திக்கு முழு மனது, மகனுக்கு அரை மனது, என் மனைவிக்குக் கோழிகளைப் பற்றிய கவலை. சரித்திர வாத்தியாராக இருந்தவனிடம் யோசனை கேட்டால் நாயின் பூர்வீகத்தைத்தானே முதலில் தேடுவான்? தேடியதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஒடுங்கிய முகம், உள்ளே ஏறிய வயிறு, நீண்ட கால், சாட்டை மாதிரி வால். இந்த உருவத்து நாயைப் பிரெஞ்சில் 'லெவ்ரியே' என்பார்கள். 'லியேவ்ர்' என்றால் முயல். நம் பக்கத்தில் பிரெஞ்சு படித்த பெரியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். அதாவது பெயரிலேயே முயல் நாய். மோப்பம் பிடித்துப் போகிற சாதி அல்ல இது, கண்ணால் பார்த்துத் துரத்துகிற சாதி. அரபு நாட்டில் இதற்கு ஒப்பானது சலூக்கி. இங்கிலாந்தில் இந்த வகை நாயை ஆட்டு நாயோடு கலந்து உண்டாக்கியதை 'லர்ச்சர்' என்றார்கள். அங்கே 1390-ல் ஒரு சட்டம் வந்தது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இல்லாதவன் வேட்டை நாய் வைத்துக்கொள்ளக் கூடாது. பண்ணையார் காட்டில் திருட்டுத்தனமாக முயல் பிடித்த ஏழைகளுக்குப் பின்னாளில் லர்ச்சர்தான் கைகொடுத்தது.

சிப்பிப்பாறை நாய் சலூக்கியின் வழிவந்தது என்று பலர் எழுதுகிறார்கள். பாண்டிய நாட்டுக்கு அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்ததற்குச் சான்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்துக்கு வந்த மார்க்கோ போலோ அதை விவரமாகவே எழுதியிருக்கிறார். அந்தக் குதிரைகளோடு நாயும் வந்தது என்பதற்கு இருப்பது உருவ ஒற்றுமை மட்டும்தான். எனக்கு அது போதவில்லை. அரபுக் கப்பலுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே சங்கப் புலவர்கள் ஞமலி என்றும் ஞாளி என்றும் வேட்டை நாயைப் பாடிவிட்டார்கள். நம்மிடம் இருக்கும் நல்லது எல்லாம் வெளியூரிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டுமா என்ன?

நாய்க்கு நம் முன்னோர் கொடுத்த மரியாதையைப் பார்க்க வேண்டுமானால் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல்லைப் பார்க்க வேண்டும். 7-ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஆநிரை மீட்கப் போய் இறந்த வீரனோடு அவன் நாயும் கல்லில் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். திருடர் இருவரைக் கடித்துவிட்டுக் காவல் நின்றது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். எத்தனை மனிதர்களுக்கு இந்தக் கொடுப்பினை உண்டு!

சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்து ஊர். கரிசல் பூமி, கண்ணுக்கெட்டிய தூரம் மானாவாரிக் காடு. வெயில் தாங்கி, கம்பங்கூழும் கேப்பைக்கூழும் குடித்து, ஓடுகிற முயலை எட்டிப் பிடிக்கிற நாய்தான் அங்கே செல்லும். கன்னி நாயும் அந்தப் பக்கத்ததுதான். கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்ததால் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். ஜமீன்தார்களும் வளர்த்தார்கள், சம்சாரிகளும் வளர்த்தார்கள்.

பிறகு காலம் மாறியது. 1948-ல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் முயல் வேட்டை குற்றமாயிற்று. ஒரு கையெழுத்தில் நாயின் பரம்பரைத் தொழில் போய்விட்டது. நகரத்தார் அல்சேஷனையும் பொமரேனியனையும் தேடினார்கள். 1980-களில் தமிழக அரசு சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கென ஒரு வளர்ப்புப் பிரிவு நடத்தியது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, சிப்பிப்பாறைக்கு இல்லை. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொன்ன பிறகு திடீர் மவுசு. மவுசில் வாங்கிய குட்டி பெரிதானதும் என்ன ஆகும் என்பதற்கு எங்களிடம் வர இருக்கிற நாயே உதாரணம்.

இனி எங்கள் ஊர்ச் சங்கதி. கரிக்கலாம்பாக்கம் கரிசல் காடு அல்ல. நெல், கரும்பு, வாய்க்கால், நடுவே பஸ் ஓடும் ரோடு. கண்ணில் பட்டதைத் துரத்தும் நாய்க்கு ரோடு தெரியாது, கூப்பிட்ட குரலும் கேட்காது. கரும்புத் தோட்டத்து முயலையோ மயிலையோ அது பிடித்துவிட்டால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்குப் பதில் சொல்வது அதைவிடக் கஷ்டம்.

மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்குள் சத்தமில்லாமல் சுருண்டு படுத்திருக்கும். தீனியும் குறைவு. விலா எலும்பு லேசாகத் தெரிவதுதான் அதன் லட்சணம். பட்டினி போடுகிறோம் என்று உறவுக்காரர்கள் பேசுவார்கள், பேசட்டும். உடம்பில் கொழுப்பு இல்லாத சாதி என்பதால் மயக்க மருந்து விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருப்பது ஒரு தைரியம். வருஷா வருஷம் வெறிநாய்த் தடுப்பூசியும் தவறக் கூடாது.

நான் மகனிடம் கேட்டது வேறு கேள்வி. இந்த நாய் இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். எனக்கு 71. காலையில் வாரைப் பிடித்து நடத்தப்போவது யார்? ஒரு வீடு கைவிட்ட நாயை இரண்டாவது வீடும் கைவிடக் கூடாது. இரண்டு நாள் யோசித்துவிட்டு, "நாய் என் பொறுப்புப்பா" என்றான். அரை மனது முக்காலாகியிருக்கிறது.

கொல்லைப்புறச் சுவர் நாலடிதான். அதை ஏழடியாக உயர்த்தக் கொத்தனாரிடம் சொல்லியாயிற்று. கோழிகளுக்கு வலைக் கூண்டு தனி. இரண்டும் முடிந்த பிறகு நாயை அழைத்து வருவதாக ஏற்பாடு. பெயர் மட்டும் இப்போதே வைத்தாகிவிட்டது. பேத்தியிடம் நடுகல் கதையைச் சொன்னேன், அவள் கோவிவன் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.