அல்காக், பிரவுன் அட்லாண்டிக் வான்பயணம்

அட்லாண்டிக் பெருங்கடலை இடையில் எங்கும் இறங்காமல் முதன்முதலாக வானூர்தியில் கடந்தவர்கள் ஜான் அல்காக், ஆர்தர் விட்டன் பிரவுன் என்னும் இரு பிரித்தானியர் ஆவர். ஜூன் 14, 1919 அன்று நியூபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரிலிருந்து புறப்பட்ட இவர்கள், மறுநாள் காலை அயர்லாந்தின் கிளிப்டன் அருகே இறங்கினர். ஏறத்தாழ 3,040 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க 16 மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாகவே ஆயிற்று. இப்பெருமையைச் சார்லஸ் லிண்ட்பெர்க்கிற்கு உரியதாகப் பலர் கருதுவதுண்டு. அவர் 1927இல் நிகழ்த்தியது நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை தனியொருவராகப் பறந்த இடைநில்லாப் பயணம் ஆகும்.

பின்னணி

அட்லாண்டிக்கை 72 மணி நேரத்திற்குள் கடப்போருக்கு 10,000 பவுண்டு பரிசளிப்பதாக டெய்லி மெயில் நாளிதழ் 1913இல் அறிவித்தது. முதல் உலகப் போரால் தடைப்பட்ட இப்போட்டி 1918இல் மீண்டும் தொடங்கியது. மே 1919இல் ஹாரி ஹாக்கரும் மெக்கன்சி கிரீவும் முயன்று நடுக்கடலில் இறங்க நேர்ந்தது. அவர்களை மீட்ட கப்பலில் வானொலிக் கருவி இல்லாமையால், கரை சேரும்வரை இருவரும் இறந்துவிட்டதாகவே கருதப்பட்டனர். அதே மாதம் அமெரிக்கக் கடற்படையின் என்.சி.-4 பறக்கும் படகு, அசோர்ஸ் தீவுகளில் தங்கிச் சென்று லிஸ்பனை அடைந்தது.

பயணம்

அல்காக்கும் பிரவுனும் போரில் சிறைப்பட்டு மீண்டவர்கள். அல்காக் வானூர்தியைச் செலுத்த, பிரவுன் வழிகாட்டினார். விக்கர்ஸ் விமி என்னும் இரட்டை எந்திரக் குண்டுவீச்சு வானூர்தியின் போர்க்கருவிகள் நீக்கப்பட்டு, கூடுதல் எரிபொருட் கலன்கள் பொருத்தப்பட்டன. விமானிகளின் இருக்கைக்கு மேற்கூரை கிடையாது.

புறப்பட்ட சில மணி நேரத்திலேயே மின்னாக்கி பழுதடைந்ததால் வானொலித் தொடர்பு அற்றுப்போனது. எந்திரமொன்றின் புகைபோக்கிக் குழாய் வெடித்து எழுந்த இரைச்சலில் இருவரும் பேசிக்கொள்ள இயலவில்லை. அடர்ந்த மூடுபனியால் சூரியனையோ விண்மீன்களையோ கொண்டு இருப்பிடத்தைக் கணிப்பதும் அரிதாயிற்று. நள்ளிரவுக்குப் பின் மேகம் விலகிய சிறு பொழுதில் பிரவுன் விண்மீன்களை அளந்து, திசை தவறவில்லை என உறுதி செய்துகொண்டார். பின்னர் மேகத்தினுள் நிலைதடுமாறிச் சுழன்று வீழ்ந்த வானூர்தியை அல்காக் கடல்மட்டத்திற்குச் சற்று மேலே மீட்டார். உறைந்த பனியை அகற்றப் பிரவுன் இறக்கையின்மீது பலமுறை ஏறினார் என்று பரவலாகக் கூறப்படினும், அவரது பயணக் குறிப்பேட்டில் அதற்குச் சான்று இல்லை.

காலை 8:40 மணிக்குப் பசும்புல்வெளி என்றெண்ணி இறங்கிய இடம் சதுப்பு நிலமாயிருந்தது. வானூர்தியின் முகப்பு சேற்றில் புதைந்தது, இருவருக்கும் பெருங்காயமில்லை.

பின்னர்

வின்ஸ்டன் சர்ச்சில் பரிசை வழங்கினார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இருவருக்கும் சர் பட்டம் அளித்தார். அல்காக் அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று, பாரிஸ் வானூர்திக் கண்காட்சிக்குப் புதிய வானூர்தியொன்றை ஓட்டிச் செல்லும்போது பிரான்சில் விபத்துக்குள்ளாகி இறந்தார். பிரவுன் 1948இல் காலமானார். விமி வானூர்தி 1919இலேயே இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திற்கு வழங்கப்பட்டது.